அக்குளுக்கு ஊசி சரி, உள்ளங்கைக்கு இப்போது வேண்டாம்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 26 வயசு. ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் டெக்னீஷியனா இருக்கேன். 14 வயசிலிருந்தே ரெண்டு கக்கத்திலும் ரெண்டு உள்ளங்கையிலும் வேர்வை ஊத்துதுங்க. தூங்கும்போது இல்லை. அப்பாவுக்கும் கை இப்படித்தான். தைராய்டு, சுகர் எல்லாம் எங்க லேப்பிலேயே பார்த்துட்டேன், நார்மல். கிளவுஸ் மாட்டின பத்து நிமிஷத்தில் விரல் நுனியில் தண்ணி நிக்குது, ஊசி பிடிக்கவே வழுக்குது. ஸ்ப்ரே, ரோல்-ஆன் எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. இன்னும் ஏழு வாரத்தில் கல்யாணம். இங்கே ஒரு அழகு சிகிச்சை மையத்தில், "போடாக்ஸ் 100 யூனிட் குப்பி ஒண்ணு போதும், கக்கம் ரெண்டு, கை ரெண்டு, நாலு இடத்துக்கும் ஒரே சிட்டிங்ல போட்டுடலாம்"னு சொல்றாங்க. போட்டுக்கலாங்களா? கை வலுவே போயிடும்னு கூட வேலை பார்க்கிற அக்கா பயமுறுத்தறாங்க.

பதில்: அக்குளுக்குப் போட்டுக்கொள்ளலாம், அதற்கு முன் இரண்டு வார வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. உள்ளங்கைக்கு, நீங்கள் பார்க்கும் வேலையை வைத்துச் சொல்கிறேன், இப்போது வேண்டாம். ஒரே குப்பியை நான்கு இடத்துக்கும் பங்கு போடும் யோசனைக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். போடாக்ஸ் மருந்தில் அக்குளுக்கான அங்கீகரிக்கப்பட்ட அளவு ஒரு பக்கத்துக்கு 50 யூனிட். இரண்டு பக்கமும் போட்டால் 100 யூனிட் குப்பி அங்கேயே தீர்ந்துவிடும். உள்ளங்கைக்கு ஒரு கைக்கு 50 முதல் 100 யூனிட் வரை பிடிக்கும். ஆக நான்கு இடத்துக்கும் சேர்த்துக் குறைந்தது 200, சிலருக்கு 300 யூனிட். அவர்கள் சொல்கிறபடி இடத்துக்கு 25 யூனிட் என்று பிரித்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். புள்ளிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு நடுவில் திட்டுத் திட்டாக வேர்வை வரும். இல்லையென்றால் எல்லா இடமும் கொஞ்சம் காய்ந்து, சீக்கிரமே பழையபடி ஆகிவிடும். பணம் போனதுதான் மிச்சம். அதைவிட மோசம், "எனக்குப் போடாக்ஸ் கேட்காது" என்று நீங்களே முடிவுகட்டி, பலன் தரக்கூடிய ஒரு சிகிச்சையைக் கைவிட்டுவிடுவீர்கள்.

முதலில் நோய் இதுதானா என்பது. நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடை இருக்கிறது. காரணம் தெரியாமல் ஆறு மாதத்துக்கு மேலாகக் குறிப்பிட்ட இடங்களில் கண்ணுக்குத் தெரிய வேர்ப்பது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல வேர்ப்பது, 25 வயதுக்குள் தொடங்கியது, வீட்டில் இன்னொருவருக்கும் இருப்பது, தூக்கத்தில் நின்றுவிடுவது, அன்றாட வேலையைக் கெடுப்பது. இவை முதல்நிலை ஹைப்பர்ஹைட்ரோசிஸ், அதாவது வேறு நோய் எதுவும் காரணமாக இல்லாமல் அளவுக்கு மீறி வேர்ப்பதன் அடையாளங்கள். சுரப்பியில் கோளாறு கிடையாது. சுரப்பிக்குக் கட்டளையிடும் நரம்பு அளவுக்கு மீறிக் கட்டளையிடுகிறது. இதற்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு ஹார்மோன் பேக்கேஜ் எதுவும் எடுக்க வேண்டியதில்லை. ராத்திரியில் தலையணை நனைய வேர்ப்பது, எடை குறைவது, காய்ச்சல், படபடப்பு, ஒரு பக்கம் மட்டும் வேர்ப்பது, வயது கடந்து திடீரென்று தொடங்குவது, மனச்சோர்வுக்கான மாத்திரை போன்ற ஏதாவது புது மருந்து ஆரம்பித்த பிறகு வருவது என்றால் கதை வேறு. அப்போது தைராய்டு, சர்க்கரை, காசநோய் என்று தேட வேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் தெரியவில்லை.

அந்த இரண்டு வார வேலை என்னவென்றால், அலுமினியம் குளோரைடு. ஸ்ப்ரே, ரோல்-ஆன் போட்டுப் பார்த்தேன் என்கிறீர்கள். கடையில் கிடைக்கும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை வெறும் வாசனைச் சரக்கு. வேர்வையைத் தொடவே தொடாது. வேர்வையைக் குறைக்கும் என்று போட்டிருக்கும் ரோல்-ஆன்களில் அலுமினிய உப்பு உண்டு, ஆனால் வீரியம் கம்மி. போதாததற்கு எல்லோரும் அதைக் காலையில் குளித்துவிட்டு, அவசரமாக, ஈரத்தோடு தேய்க்கிறார்கள். மருந்துக்கடையில் 20 விழுக்காடு அலுமினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் கரைசல் கிடைக்கும். தோல் மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்குங்கள். படுக்கப் போகும்போது, வேர்வை ஓய்ந்திருக்கும் நேரத்தில், அக்குளைத் துண்டால் ஒற்றி, ஃபேன் காற்றில் நன்றாகக் காயவிட்டு, மெல்லிசாகப் பூசுங்கள். காலையில் கழுவிவிடுங்கள். மூன்று நான்கு நாள் தொடர்ந்து, பலன் தெரிந்த பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு ராத்திரி போதும்.

இந்த மருந்து கெட்ட பெயர் வாங்குவது எரிச்சலால். ஈரத்தோடு சேர்ந்தால் இது ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறும், எரிவது அதனால்தான். ஷேவ் செய்த அன்றும் மறுநாளும் பூசக்கூடாது. சிவந்து எரிந்தால் இரண்டு நாள் நிறுத்தி, காலையில் 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீம் கொஞ்சமாக. முறையாகப் பூசினாலே அக்குள் வேர்வை கணிசமாக அடங்கிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஊசியே தேவைப்படாது. இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் ரவிக்கையில் வட்டம் விழுகிறதென்றால் ஊசிக்குப் போங்கள். அப்போதும் கல்யாணத்துக்கு ஐந்து வாரம் கையில் இருக்கும்.

இனி ஊசி. போடாக்ஸ் என்பது போட்டுலினம் நச்சு. அது தசையைத் தளர்த்துகிறது என்பது பழைய செய்தி. முகத்தின் ஒரு பக்கம் வெட்டி வெட்டி இழுக்கும் நோய்க்கு இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, போட்ட இடத்தில் வேர்க்கவில்லை என்று புஷாரா, பார்க் என்ற இரு மருத்துவர்கள் 1994-ல் எழுதினார்கள். வேர்வைச் சிகிச்சை அங்கிருந்து பிறந்தது. தசைக்கும் வேர்வைச் சுரப்பிக்கும் கட்டளை கொண்டுபோவது ஒரே வேதிப்பொருள்தான்: அசிட்டைல்கோலின். நரம்பு முனையிலிருந்து அது வெளியே வருவதற்கு ஸ்நாப்-25 என்ற புரதம் வேண்டும். நச்சு அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. சுரப்பி அப்படியே இருக்கும், கட்டளை மட்டும் வராது. நரம்பு முனை சில மாதங்களில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அப்போது வேர்வையும் திரும்பும். அதனால்தான் இது நிரந்தரத் தீர்வு ஆவதில்லை. சுரப்பிக்கு நிரந்தரக் கேடும் இல்லை.

ஐரோப்பாவில் 320 பேரிடம் நடத்தி 2001-ல் வெளியான ஆய்வில், அக்குளுக்கு 50 யூனிட் போட்டுக்கொண்டவர்களில் 94 விழுக்காட்டினருக்கு 4-வது வாரத்தில் வேர்வை பாதிக்குப் பாதியாவது குறைந்திருந்தது. மருந்தில்லாத வெறும் சலைன் (உப்புநீர்) போட்டவர்களிலும் 36 விழுக்காட்டினருக்கு அப்படிக் குறைந்திருந்தது என்பதையும் கவனியுங்கள். வேர்வை நாளுக்கு நாள் மாறக்கூடியது. யாரோ ஒரு வாடிக்கையாளர் "எனக்கு உடனே நின்னுடுச்சு" என்று வீடியோவில் சொல்வதை வைத்து ஒரு மையத்தை எடைபோடாதீர்கள். அமெரிக்காவில் அக்குளுக்கு இந்த ஊசி 2004-ல் அங்கீகாரம் பெற்றது, அதுவும் பூச்சு மருந்தில் அடங்காத கடுமையான வேர்வைக்குத்தான். உள்ளங்கைக்கு அந்த அங்கீகாரம் இல்லை. அனுபவத்தின் பேரில் மருத்துவர்கள் போடுகிறார்கள்.

நீங்கள் லேப்பில் இருப்பவர் என்பதால் அன்று என்ன நடக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லலாம். படுத்துக்கொண்டே சரியா தப்பா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியும்.

இரண்டு நாள் முன்பே அக்குளை ஷேவ் செய்துவிடுங்கள், அன்று காலையில் செய்யாதீர்கள். ரோல்-ஆன், அலுமினியக் கரைசல் எதுவும் முந்தின நாளிலிருந்து வேண்டாம். போனதும் கால் மணி நேரம் ஃபேன் இல்லாமல் உட்காரவைப்பார்கள். பிறகு அக்குளைத் துடைத்து, அயோடின் கரைசலைத் தடவிக் காயவிட்டு, மேலே ஸ்டார்ச் தூளைத் தூவுவார்கள். நம் கார்ன்ஃப்ளார் மாவேதான். சில நிமிடத்தில் வேர்வை கசிகிற இடமெல்லாம் கருநீலப் புள்ளிகளாகத் தெரியும், புள்ளிகள் சேர்ந்து ஒரு தீவுபோல ஆகும். மைனர் என்பவர் 1928-ல் எழுதிய சோதனை இது. அவ்வளவு பழையது, அவ்வளவு மலிவு, இதைச் செய்யாமல் ஊசி போடுவதற்குச் சாக்கே கிடையாது. ஏனென்றால் வேர்க்கும் பகுதி முடி இருக்கும் பகுதியோடு ஒத்துப்போவதில்லை. மார்புப் பக்கமோ கைப்பக்கமோ இரண்டு விரற்கடை தள்ளிக்கூட நீண்டிருக்கும். கண்ணால் பார்த்து முடி உள்ள இடத்தில் மட்டும் குத்தினால், "ஊசி போட்டும் ஓரத்தில் வேர்க்குதே" என்று நீங்கள் திரும்ப வருவீர்கள். அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அந்தத் தீவை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் கழித்து ஒப்பிட வேண்டும்.

பேனாவால் எல்லை போட்டு, உள்ளே ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளி வைப்பார்கள். ஒரு புள்ளியில் இறங்கும் மருந்து சுற்றி சுமார் 2 சென்டிமீட்டர் விட்டத்துக்குத்தான் வேலை செய்யும். பக்கத்துக்கு 10 முதல் 15 புள்ளி என்பது முறை, பகுதி பெரிதாக இருந்தால் 20 வரை போவதுண்டு. மை வைத்த புள்ளிக்குள்ளேயே ஊசியை விடக்கூடாது, பச்சை குத்தியதுபோல மை உள்ளே தங்கிவிடும். ஓரமாக விட வேண்டும்.

குப்பியை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். போடாக்ஸ் உறைபதனத் தூள் குப்பியின் அடியில் மெல்லிய படலமாகத்தான் இருக்கும், காலியோ என்று தோன்றும், பயப்படாதீர்கள். நீங்கள் ரத்தம் பிடிக்கும் வேக்குட்டெய்னர் ட்யூப் மாதிரி உள்ளே வெற்றிடம் உண்டு. சலைன் ஊசியை உள்ளே விட்டதும் அது தானாக உறிஞ்ச வேண்டும். உறிஞ்சாவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப்போட வேண்டியதுதான். கலந்த பிறகு மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும், நுரை பொங்கக் குலுக்கக்கூடாது. கலந்ததை 2 முதல் 8 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்கிறது தயாரிப்புக் குறிப்பு. "காலையில் ஒருத்தருக்குத் திறந்தது, மீதி இருக்கு, பாதி விலைக்குப் போடறோம்" என்றால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். குப்பி ஒருவருக்கானது.

பல தவறுகள் நடப்பது அடுத்த கட்டத்தில். அக்குளுக்கு 100 யூனிட்டை 4 மில்லி சலைனில் கரைப்பது வழக்கம். அப்போது 0.1 மில்லியில் 2.5 யூனிட் இருக்கும். நம் ஊரில் இன்சுலின் சிரிஞ்சில்தான் இதை ஏற்றுகிறார்கள், அதில் இரண்டு ரகம் என்பது உங்களுக்கே தெரியும்: சிவப்பு மூடி யு-40, ஆரஞ்சு மூடி யு-100. சிரிஞ்சில் இருக்கும் கோடு இன்சுலின் யூனிட், போடாக்ஸ் யூனிட் இல்லை. சிலர் 100 யூனிட்டை 2.5 மில்லியில் கரைத்து யு-40 சிரிஞ்சில் எடுப்பார்கள், அப்போது ஒரு கோடு சரியாக ஒரு யூனிட், வசதியான ஏற்பாடு. அதே கரைசலை மாற்றி யு-100 சிரிஞ்சில் எடுத்து, கோட்டை எண்ணிப் போட்டால், 20 கோட்டுக்கு 8 யூனிட்தான் உள்ளே போகும். "எத்தனை மில்லியில் கலந்தீங்க, எந்த சிரிஞ்சு?" என்று கேட்பதில் தப்பே இல்லை. முறையாகச் செய்கிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆழம் ரொம்ப முக்கியம். வேர்வைச் சுரப்பிகள் தோலின் அடிமட்டத்தில், கொழுப்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கின்றன. 30 கேஜ் ஊசியைச் சுமார் 45 டிகிரி சாய்த்து, துளை மேலே பார்க்க, 2 மில்லிமீட்டர் ஆழத்தில் விட வேண்டும். காசநோய்க்குத் தோலில் போட்டுப் பார்க்கும் மாண்டோ டெஸ்ட்டில் எழும்புமே, ஆரஞ்சுத் தோல் மாதிரிக் குழி விழுந்த வெளுத்த கொப்புளம், அதுபோல ஒவ்வொரு புள்ளியிலும் எழும்ப வேண்டும். கொப்புளம் எழும்பாமல் மருந்து சுலபமாக வழுக்கிக்கொண்டு போனால் கொழுப்புக்குள் போய்விட்டது என்று அர்த்தம், சுரப்பிக்குச் சேராது. முடிக்குழி வழியே திரும்ப ஒழுகினாலும் நஷ்டம்தான். பத்துப் பதினைந்து குத்துக்கு ஒருமுறை ஊசியை மாற்றினால் வலி குறையும், நுனி மழுங்கிவிடுவதால். அக்குளில் வலி பெரிதாக இருக்காது. ஐஸ் வைத்தாலே போதும் பெரும்பாலானோருக்கு. இரண்டு பக்கமும் சேர்த்து வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அன்றே வேலைக்குப் போகலாம். ஒரு நாள் மட்டும் ஓட்டம், ஜிம், நீராவிக் குளியல், அந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பது வேண்டாம்.

மூன்று நான்கு நாளில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். முழுப் பலன் இரண்டு வாரத்தில். அதனால்தான் உங்களுக்கு ஊசி நாள் கல்யாணத்துக்கு நான்கு வாரம் முன்பு என்று வைக்கச் சொல்கிறேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி அயோடின் சோதனை. விடுபட்ட திட்டு இருந்தால் அங்கே மட்டும் நாலைந்து புள்ளி கூடுதலாகப் போட்டுக்கொள்ள நேரம் இருக்கும், ரத்தக் கட்டும் மறைந்துவிடும். முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்பு ஓடிப்போய்ப் போட்டுக்கொள்வது வீண் பதற்றம். பலன் சராசரியாக ஆறேழு மாதம். நான்கு மாதத்தில் தீர்ந்தவர்களும் உண்டு, ஒன்பது மாதம் போனவர்களும் உண்டு. வாடை பற்றி ஒரு சொல்: வாடைக்குக் காரணமான சுரப்பி வேறு வகை. ஈரம் குறைவதால் வாடையும் குறையலாம், ஆனால் அதற்கு உத்தரவாதம் கிடையாது.

டிஸ்போர்ட் போன்ற வேறு பெயர்களில் வருவதும் போட்டுலினம் நச்சுதான், ஆனால் யூனிட் ஒன்றல்ல. டிஸ்போர்ட்டில் எண்ணிக்கை இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாக இருக்கும். "அங்கே 50 யூனிட், இங்கே 125 யூனிட், இதுதானே லாபம்" என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். பில்லில் மருந்தின் பெயர், பேட்ச் எண், யூனிட் மூன்றும் எழுதி வாங்குங்கள். அடுத்த தடவை வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் போட நேர்ந்தால் அதுதான் கைகொடுக்கும்.

இனி உள்ளங்கை. உங்களுடன் வேலை பார்க்கும் அக்கா சொன்னது மிகை, ஆனால் பொய்யில்லை. அக்குளில் தோலுக்கு அடியில் கொழுப்பு. மருந்து கொஞ்சம் கீழே இறங்கினாலும் கெடுதல் இல்லை. உள்ளங்கையில், குறிப்பாகக் கட்டைவிரல் மேட்டில், தோலுக்குச் சற்றுக் கீழேயே சின்னச் சின்னத் தசைகள். மருந்து அங்கே கசிந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கும் பிடி தளரும். இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கு மேலும் நீளும், பிறகு தானாகச் சரியாகும். கணக்கெழுதுகிறவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். சட்டைப் பொத்தான் போடுவது, சாவி திருப்புவது, பாட்டில் மூடி திறப்பது சிரமமாக இருந்தது என்பார், அவ்வளவுதான். நீங்களோ நாள் முழுக்க அந்த இரண்டு விரலால்தான் சம்பாதிக்கிறீர்கள். கையில் டூர்னிகே பட்டை கட்டி, ஊசியை நிலையாகப் பிடித்து, மற்றக் கையால் ட்யூப் மாற்றும்போது விரல் நடுங்கினால் கேடு உங்களுக்கு மட்டுமா? ரத்தம் எடுக்கப்படுகிறவருக்கும்தான். ஊசிக்காயம் பட்டால் அதன் பின்விளைவு என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வலியும் வேறு ரகம். விரல் நுனி உட்பட ஒரு கைக்கு நாற்பது ஐம்பது குத்து. மரத்துப்போகும் கிரீம் உள்ளங்கையின் தடித்த தோலில் சரியாக இறங்காது. மணிக்கட்டில் மீடியன், அல்னர் நரம்புகளை மரத்துப்போக வைத்துப் போடுவார்கள், அல்லது ஐஸும் அதிர்வுக் கருவியும் வைத்துச் சமாளிப்பார்கள். நரம்பை மரத்துப்போக வைத்தால் சில மணி நேரம் அந்தக் கை உங்களுடையதே இல்லை, வண்டி ஓட்டக்கூடாது. பலன் அக்குளைவிடச் சீக்கிரம் தீரும், நான்கிலிருந்து ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்தால், நீண்ட விடுப்பு கிடைக்கும்போது, வலது கையை விட்டுவிட்டு இடது கையில் மட்டும் முதலில் போட்டு, ஒரு மாதம் பார்த்துவிட்டு அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம்.

கைக்கு உங்களுக்குப் பொருந்துவது அயன்டோஃபொரெசிஸ். பெயர்தான் பெரிது, தண்ணீர் ஊற்றிய இரண்டு தட்டு, அதில் கை, லேசான மின்சாரம். வீட்டுக்கே வாங்கி வைத்துக்கொள்ளும் கருவிகள் கிடைக்கின்றன, ஆனால் முதல் சில தடவை மருத்துவமனையில் பழகிக்கொள்ளுங்கள். உள்ளங்கை மூழ்கும் அளவு தண்ணீர், 15 முதல் 20 மில்லி ஆம்பியர், 20 நிமிடம், நடுவில் மின்முனையை மாற்றிப்போட வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள். மூன்று நான்கு வாரத்தில் கை காயத் தொடங்கும், பிறகு வாரம் ஒரு தடவையோ இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையோ செய்தால் நிலைக்கும். இன்றைக்குத் தொடங்கினால் கல்யாணத்துக்குள் நேரம் சரியாக இருக்கும்.

இதில் பலர் தோற்பது தண்ணீரால். ஆர்.ஓ. தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது; மீட்டர் ஏறவே ஏறாது, கருவி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் வீட்டுப் போர்வெல் உப்புத்தண்ணியே இதற்கு அருமை. ஆர்.ஓ. தண்ணீர்தான் இருக்கிறது என்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நகக்கண்ணில் வெடிப்போ வெட்டோ இருந்தால் அங்கே வாசலின் தடவுங்கள், இல்லாவிட்டால் தேள் கொட்டினமாதிரி இருக்கும். மின்சாரம் ஓடும்போது கையைச் சட்டென்று தூக்கினால் ஷாக் அடிக்கும். ஆம்பியரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கையில் எலும்பு முறிவுக்குப் பிளேட் போட்டவர்கள், கர்ப்பிணிகள் இதைச் செய்யக்கூடாது. அதுவரை வேலையில், கிளவுஸுக்கு உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுப் பாருங்கள். ஈரமானதும் மாற்ற நாலு ஜோடி வேண்டும். விரல் நுனி வழுக்குவது குறையும்.

மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். க்ளைகோபைரோலேட், ஆக்சிபுட்டினின் இரண்டும் உடல் முழுக்க வேர்வையைக் குறைக்கும். கூடவே வாய் உலரும், மலம் இறுகும், சிலருக்குப் பார்வை மங்கும், சிறுநீர் சிரமமாக வரும். அதைவிட முக்கியம், உடல் சூட்டை வெளியேற்ற நமக்கு இருக்கும் முக்கியமான வழி வேர்வை. ஈரோட்டு வெயிலில் அதை அடைத்தால் மயங்கி விழ வேண்டியதுதான். அக்குள் ஊசியில் அந்தப் பயம் இல்லை, உடம்புத் தோலில் அது சின்ன இடம். முகூர்த்தத்தன்று முதல் தடவையாக இந்த மாத்திரையை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். பட்டுச்சேலை, வீடியோ லைட், மண்டபக் கூட்டம் எல்லாம் சேர்ந்த சூட்டில் பரிசோதனை செய்கிற நாள் அது இல்லை. நெஞ்சுக்குள் நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சையைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். கை காய்ந்துவிடும், ஆனால் முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் ஈடுகட்டி வேர்ப்பது பலருக்கு வருகிறது. அதைத் திருப்ப வழி இல்லை.

அக்குள் ஊசியை யார் போட வேண்டும்? தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.டி.வி.எல். முடித்தவர், அவசர மருந்துகள் வைத்திருக்கும் இடத்தில். பார்லர் அல்ல. மயஸ்தீனியா போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்களுக்குப் போடக்கூடாது. அக்குளில் கட்டியோ சீழோ இருந்தால் அது ஆறட்டும். ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஊசி மருந்து ஓடிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள், நச்சின் வேகத்தைக் கூட்டிவிடும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை எடுப்பவருக்கு ரத்தம் கட்டுவது அதிகம். ஊசிக்குப் பிறகு குத்திய இடத்தில் வலி, நீலம் பாய்வது, கொஞ்ச நாள் முதுகில் கூடுதலாக வேர்ப்பதுபோலத் தோன்றுவது, இவை தாமாக அடங்கும். ஊசி போட்ட சில மணி நேரத்திலிருந்து சில வாரத்துக்குள் விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், கண்ணிமை தொங்குவது, மூச்சுத் திணறல், உடம்பு முழுக்கத் தளர்ச்சி வந்தால் வீட்டில் இருந்து பார்க்காதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போய், போட்டுலினம் ஊசி போட்டது எந்தத் தேதி, எத்தனை யூனிட் என்று சொல்லுங்கள். அக்குளுக்குப் போடும் அளவில் இது மிக அபூர்வம்.

கடைசியாக, கல்யாணத்துக்குப் பிறகு. கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் இந்த ஊசியைத் தவிர்ப்பதுதான் வழக்கம். ஊசி நாளன்று கர்ப்பம் இல்லை என்பது உறுதியாக இருக்க வேண்டும். முதல் ஊசியின் பலன் குறையும்போது, அதாவது நான்கு மாதத்துக்கு முன் அவசரப்படாமல், அடுத்ததைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அப்போது குழந்தைக்குத் திட்டம் இருந்தால் ஊசியையும் அயன்டோஃபொரெசிஸையும் தள்ளிவைத்துவிடுங்கள். இடைக்காலத்தில் எதைப் பூசலாம் என்று உங்கள் மகப்பேறு மருத்துவரிடமும் தோல் மருத்துவரிடமும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.